எறும்பு வரைந்த மறுபாதி

கோப்பு திறந்ததும் அவள் முதலில் தேடியது அம்மாவின் முகத்தைத்தான். இருந்தது, பாதி. ஒரு கண், பாதி மூக்கு, பாதி உதடு, ஒரு காது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளை. அடுத்த படத்தைத் திறந்தாள், அதற்கடுத்ததையும். ஆறு வருஷத்துப் படங்கள் நூற்றுப் பதினெட்டும் பாதிதான்.

மூடப்பட்டுவிட்ட அந்த ஓவிய இணையதளத்தில் அவர்கள் குழுவின் வழக்கம் அப்படி. ஒருவர் ஒரு முகத்தின் பாதியை வரைந்து போடுவார், இன்னொருவர் மறுபாதியை வரைந்து பக்கத்தில் ஒட்டுவார். அவள் கண் மருத்துவமனையில் பார்வை அளக்கிறவள். ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எழுத்து வாசிக்கிறவர்களை நாள் முழுக்கப் பார்த்துப் பார்த்து, முழு முகம் அவளுக்கு வரையவே வராது. அவள் எதைப் போட்டாலும் எறும்பு என்ற பெயரில் ஒருவர் வந்து முடித்துவிடுவார். ஆணா பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவளுடைய சிடுமூஞ்சிக் கிழவர்கள்கூட எறும்பின் பக்கத்தில் லேசாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்ததும், அவரவர் படங்களை அனுப்பித் தருவதாகச் சொன்னார்கள். எல்லோரும் விண்ணப்பித்தார்கள். அவரவர் படம் என்றால் அவரவர் வரைந்த பாதி மட்டும்தான் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. கடைசி நாளன்றுதான் அவள் துணிந்து அம்மாவைப் போட்டாள். போன வருஷம் இறந்துபோன அம்மா. மதியத்துக்குள் எறும்பு முடித்துவிட்டது. அம்மாவைப் பார்த்தேயிராத ஆள், புருவத்தை லேசாகத் தூக்கி, யாரோ பேசுவதை உன்னிப்பாகக் கேட்பதுபோல் வரைந்திருந்தது. அம்மாவேதான். வெளியே நோயாளிகள் வரிசை. சாவகாசமாக நன்றி எழுதலாம் என்று போனை வைத்தாள். வேலை முடிந்து பார்த்தபோது தளம் இல்லை. இன்றைக்குத்தான் கோப்பு வந்தது.

கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். "உன் எறும்புப் புற்று" என்று ஆறு வருஷமாகக் கேலி செய்தவர், சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அம்மா போனப்பகூட இப்படி அழலைங்க. அந்த ஆளுக்கு ஒரு நன்றிகூட சொல்லாம விட்டுட்டேன்."

அம்மாவின் படத்தைத் தாளில் அச்செடுத்துத் தரச் சொன்னார். பென்சிலைச் சீவிக்கொண்டார். அவருக்கு வரைய வருவதெல்லாம் திருகாணியும் கம்பிச் சுருளும்தான். வெள்ளையின் அந்தக் கோடியில் ரொம்ப நேரம் குனிந்திருந்தார். நாலைந்து முறை அழித்தார். கடைசியில் ஒரு காது வந்தது. கோப்பையின் கைப்பிடி மாதிரி பெரிசாக. ஆனால் மடலில் அந்தச் சின்ன வெட்டு இருந்தது, கீழே மச்சம் இருந்தது. அம்மாவுக்கு அந்தப் பக்கத்துக் காது மட்டும்தான் கேட்கும். கடைசி இரண்டு வருஷமும் வேலைவிட்டு வந்ததும் அதன் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, எந்தக் கட்டடத்தில் யார் லிப்டில் மாட்டிக்கொண்டார்கள் என்று மாமியாரிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தவர் அவர்.

"எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்மா. தினமும் பேசின காது. மீதியை உன் எறும்பு வந்து போடட்டும்."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தாளைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினாள். ஒரு பக்கம் பாதி முகம், கோடியில் ஒரு காது, நடுவில் ஒரு கையகல வெள்ளை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டியவள் திரும்பி வந்தாள். அந்தக் காதருகே குனிந்து, எறும்புக்குச் சொல்ல விட்டுப்போனதை, அம்மாவுக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.