வலது பாதம்

டைல்ஸ் பதிக்கிறவருக்கு வலது பாதம் பேச்சு கேட்கவில்லை. ஊன்றி நின்றால் நிற்கிறது. நடந்தால் முன்பாதம் தொங்கிப்போய்த் தரையில் தப், தப் என்று அடிக்கிறது. வலித்தாலாவது மனிதன் ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிடப்பான். வலியே இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது. அவருடைய அப்பா பக்கவாதத்தில் ஒன்பது வருஷம் கட்டிலோடு கிடந்தவர்.

வாயைத் திறந்தாரா? ம்ஹூம். ஷூ நுனியைக் கயிற்றால் இழுத்து முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டி, மேலே பேன்ட்டை இறக்கிவிட்டு வேலைக்குப் போனார். விடிந்ததும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து அரை மணி நேரம் பாதத்துக்கு எண்ணெய் தேய்த்தார். பாதமோ நாளுக்கு நாள் மோசமானது.

நாலாவது வாரம் கயிறு மனைவி கண்ணில் பட்டுவிட்டது.

"என்ன கூத்து இது? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

நரம்பு டாக்டரம்மா பாதத்தை மேலே தூக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். முகம்தான் வியர்த்தது. அவள் அவருடைய கையை, முகத்தை, பேச்சையெல்லாம் சோதித்துவிட்டு முழங்காலின் வெளிப்பக்கத்தைத் தட்டினாள். பாதம்வரை சுரீரென்றது.

"பக்கவாதம் இல்லீங்க. மூளை தூக்குன்னு சொல்லுது, அது பாதத்துக்கு வந்து சேரல. இந்த இடத்துல நரம்பு தோலுக்கு அடியிலேயே எலும்பு மேல போகுது. குத்துக்காலிட்டா நசுங்கும். எவ்வளவு நேரம் அப்படி உட்காருவீங்க?"

"வேலையே அதுதாம்மா. எட்டு மணி நேரம்."

"வீட்டுல?"

"எண்ணெய் தேய்க்க அரை மணி நேரம்."

மனைவி கயிற்றுக் கதையையும் சொன்னாள்.

"கயிறு எங்க கட்டினீங்க?"

அவர் தொட்டுக் காட்டினார். அதே இடம். மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

"திரும்பி வருமாம்மா?"

"நரம்பு செத்துப்போகல. நசுக்காம விட்டா வரலாம். மூணு மாசமாவது ஆகும். இனிமே குத்துக்காலிட்டு உட்கார்ந்தீங்கன்னா நான் பொறுப்பில்ல."

அதன்பின் வேலை இல்லை, தூக்கமும் இல்லை. காலையும் மாலையும் சுவரைப் பிடித்து நின்று, தூக்கு, தூக்கு என்று பாதத்தைக் கெஞ்சினார். அது கல்லு மாதிரி கிடந்தது. போச்சு, அப்பா கட்டில்தான் நமக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது.

பதினோராவது வாரம், கட்டைவிரல் ஒரு நூல் அளவு எழுந்தது.

"இங்க வா, பாரு" என்றார். கிட்டத்தில் பார்க்கும் அவசரத்தில், முப்பது வருஷப் பழக்கம், அப்படியே குத்துக்காலிடப் போனார். மனைவி சட்டைக் காலரைப் பிடித்து நிறுத்தினாள்.

"உட்கார்ந்தீங்க, இன்னொரு காலையும் நானே ஒடச்சிடுவேன்."

முழங்கால் பாதி மடங்கியபடி, அவள் பிடியில் தொங்கிக்கொண்டே, அவர் அழுதார்.