கோபித்துக்கொண்டு போனவர்

"நேரமாச்சும்மா, எடுத்துருவமா?" என்று போதகர் கேட்டபோது, சாராள் வாசலில் நின்ற கூட்டத்தைக் கண்ணால் துழாவிக்கொண்டிருந்தாள். பாதி அல்லிநகரம் அங்கேதான் நின்றது. அவள் புருஷன் ஜாஸ்பரிடம் முப்பது வருஷமாகப் பேரம் பேசியே பைப் வாங்கிய விவசாயிகள் வந்திருந்தார்கள். அவரோடு பேச்சுவார்த்தையே இல்லாத எதிர்க் கடைக்காரர்கூட ரோஜா மாலையோடு வந்து, அதை யார் கையில் கொடுப்பது என்று தெரியாமல் நின்றார். ஜஸ்டினை மட்டும் காணவில்லை.

ஜாஸ்பருக்குக் கூடப் பிறந்தது தம்பி ஜஸ்டின் ஒருவர்தான். மதியம் வரைக்கும் சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்று தேம்பியவர், மூக்கைச் சிந்தப் போன இடத்தில் எதிர்ச் சுவரிலிருந்த போஸ்டரைப் படித்துவிட்டார். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று போட்டு, ஜாஸ்பர் பல் தெரியச் சிரிக்கும் போஸ்டர். கீழே 'ஆழ்ந்த துயரில்' என்று முப்பத்திரண்டு பேர்கள். மகன், மகள், மருமகன், போன மாதம் பிறந்த பேத்தி அனுஷ்கா, பக்கத்துக் கடை தங்கபாண்டி எல்லோரும் துயரில் இருந்தார்கள். போஸ்டர் அடித்த அச்சகத்தாரும் ஓர் ஓரமாகத் துயரில் இருந்தார்கள். தம்பி பேர் இல்லை. ஜஸ்டின் மேலிருந்து கீழே ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் நடையைக் கட்டிவிட்டார்.

கோபித்துக்கொண்டு போவது அவருக்குப் புதிதல்ல. பெண் பார்க்கப் போன வீட்டில் மாப்பிள்ளையான தனக்குக் காபியை மூன்றாவதாக நீட்டினார்கள் என்று எழுந்து வந்தவர். அதனாலேயே அறுபத்திரண்டு வயதிலும் பழனிசெட்டிபட்டியில் தனிக்கட்டை. எங்கே கோபித்தாலும் போய் உட்காருவது பழைய பஸ் ஸ்டாண்டில், குமுளி பஸ் நிற்கும் இடத்துக்கு எதிர் பெஞ்சில். குமுளிப் பக்கம் போய் ஏதாவது எஸ்டேட்டில் கிடந்துகொள்கிறேன் என்பார். எத்தனையோ குமுளி பஸ் போய்விட்டது, ஒன்றில்கூட அவர் ஏறியதில்லை. அதற்குள் ஜாஸ்பர் போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

மகள் சுபாஸ்ரீயின் கல்யாணத்திலும் அதே கதைதான். சம்பந்தி தனக்கு மாலை போடவில்லை என்று ஜஸ்டின் கிளம்ப, ஜாஸ்பர் பட்டு வேட்டியோடு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். ஆல்பத்தில் குடும்பப் படம் ஒன்றிலும் பெண்ணைப் பெற்றவர் இல்லை.

அந்த ஆல்பம் சாராளின் மனசை விட்டுப் போகவே இல்லை. நேற்று மகன் விஜய்ராஜ் போஸ்டருக்குப் பேர் எழுதிக்கொண்டே, "சித்தப்பா பேர எங்கனம்மா போட?" என்று கேட்டான். "எங்கனயும் போட வேணாம்" என்றாள். சொன்னது அவள்தான். வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. இப்போது அந்தத் தம்பி இல்லாமலே ஜாஸ்பர் மண்ணுக்குள் போகப்போகிறார்.

கூப்பிட்டு வர முதலில் விஜய்ராஜ் போனான், வெறுங்கையோடு வந்தான். அடுத்து சபை மூப்பர் போனார். அவர் ஜஸ்டினின் பழைய மனத்தாங்கல்களை எல்லாம் வரிசையாகக் கேட்டுவிட்டு, பாதிக்குமேல் நியாயம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தார். கடைசியாகத் தங்கபாண்டி வந்து சேர்ந்தார்.

"என்ன சொன்னாக?"

"எனக்கு டீ வாங்கிக் குடுத்தாகக்கா. எங்கண்ணன் வந்து கூப்பிடாம நான் என்னைக்குத் திரும்பியிருக்கேன், அண்ணன வரச் சொல்லுன்னாக. நான் என்னத்தச் சொல்ல?"

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆலயத்தில் அடக்க ஆராதனை முடிந்து, ஆறு மணிக்கு அங்கேயே ஒரு நிச்சயதார்த்தம். பூ அலங்காரம் செய்பவர்கள் ஏற்கெனவே ஏணியோடு அங்கே வந்து நின்றார்கள்.

"ஒருத்தருக்காக இத்தன பேர வெயில்ல நிப்பாட்டுறது நல்லாவாம்மா இருக்கு?"

"அதத்தான ஐயா இப்ப வாசிச்சீக? மேய்ப்பரு தொண்ணூத்தொம்பது ஆட்ட விட்டுட்டு ஒண்ணத் தேடிப் போனாருன்னு."

போதகர் கையிலிருந்த வேதாகமத்தைக் குனிந்து பார்த்தார். வாசித்தது வாசித்ததுதான். சாராளுக்கோ அந்த மேய்ப்பன்மேல் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. காணாமல் போன ஆடு, போஸ்டரில் என் பேர் எங்கே என்று கேட்டிருக்காது.

"அண்ணன் வந்து கூப்பிடணுமாம்ல. அவுகளயே கூட்டிட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டு பெட்டியை அமரர் ஊர்தியில் ஏற்றச் சொல்லித் தானும் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "பஸ் ஸ்டாண்டுக்குள்ள இந்த வண்டிய விட மாட்டாகம்மா."

"ஒன்னய எதுக்குக் கேக்கப் போறாக? உள்ள படுத்திருக்குறவுகளக் கேக்கட்டும்."

வண்டி ஆலயத்துக்கு எதிர்த் திசையில் திரும்பியது. வழி தெரிந்தவர்கள் குழம்பினார்கள், தெரியாதவர்கள் நிம்மதியாகப் பின்னால் நடந்தார்கள். போதகரும் நடந்தார். பஸ் ஸ்டாண்டில், "சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்" என்று கூவிய கண்டக்டர் வண்டியைக் கண்டதும் குமுளியைச் சொல்லாமல் கம்பத்தோடு நிறுத்திக்கொண்டார். திராட்சை விற்ற பெண் கூடையை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

ஜஸ்டின் எழவில்லை. பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து, குமுளி பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். சாராள் இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

"தம்பி, பேர விட்டது நாந்தான். விஜய்ராஜ் மேல கோவப்படாதீக."

"தெரியும் மதினி."

"எப்பிடித் தெரியும்?"

"அண்ணன் எழுதியிருந்தா மொதப் பேரா போட்டிருப்பாக."

செத்தவர் தன் போஸ்டரைத் தானே எப்படி எழுதுவார் என்று சாராள் கேட்கவில்லை. ஜாஸ்பர் இருந்திருந்தால் அதையும் செய்திருப்பார் என்றுதான் அவளுக்கும் பட்டது. காலையிலிருந்து வராத அழுகை பஸ் ஸ்டாண்ட் நடுவில் பொத்துக்கொண்டு வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன் தம்பி. பெரிய தப்பு."

ஜஸ்டின் அப்போதுதான் தலையைத் திருப்பி வண்டியைப் பார்த்தார். "அண்ணன் வந்திருக்காகளா?"

"வந்திருக்காக."

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வண்டியின் பின்கதவருகே போனார். பெட்டிமேல் கை வைத்தார்.

"இந்த வெயில்ல நீங்க எதுக்குண்ணே அலையிறீக? ஒரு ஆள்ட்டச் சொல்லி விட்டிருந்தா நானே வந்திருப்பேன்ல?"

அலைந்துவிட்டு வந்த மூன்று பேரும் பக்கத்தில்தான் நின்றார்கள். தங்கபாண்டி வாயைத் திறந்தார். சாராள் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

வண்டிக்குள் ஜஸ்டின் ஒரு பக்கமும் சாராள் எதிர்ப் பக்கமுமாக உட்கார்ந்தார்கள். நேரு சிலை அருகே வண்டி சற்று வேகமாகத் திரும்பியதில் பெட்டி லேசாக நகர்ந்தது. ஒரே சமயத்தில் இருவரும் கை நீட்டிப் பிடித்தார்கள். அதன்பிறகு சாலை நேராகத்தான் போனது. ஆலயம் வரும்வரை இருவருமே கையை எடுக்கவில்லை.