துறவி வீட்டு விருந்தாளிகள்

ஸ்டர்லிங் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களுக்கு ரோனாவும் அவள் அண்ணன் மர்டோவும் வாடகைக்கு விட்டுவந்த வீடு, ஊருக்கு வெளியே ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருந்தது. கற்சுவர், தாழ்ந்த கூரை, இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை. சனிக்கிழமை சாவியை வாங்கிக்கொண்டால் அடுத்த சனிக்கிழமை வரை வந்தவர்கள் பாடு. அவர்களே சமைத்து, அவர்களே பாத்திரம் கழுவி, அவர்களே கணப்புக்கு விறகு போட்டுக்கொள்ள வேண்டியது. ஒரு வயல் தள்ளியிருந்த தன் வீட்டிலிருந்து ரோனா பாலும் முட்டையும் கொண்டுவந்து வைப்பதோடு சரி.

அதற்குத் துறவி வீடு என்று பேர் வைத்தவன் மர்டோ. பாழடைந்த மடத்தின் கற்களைப் பெயர்த்துத்தான் அதைக் கட்டினார்கள் என்றும், கல்லைத் தேடிக்கொண்டு மடத்துத் துறவி ஒருவர் படுக்கையருகே வந்து நிற்பார் என்றும் கதை கட்டிவிட்டிருந்தான். அதில் கல் மட்டும்தான் நிஜம்.

ஆனால் அந்த வசந்தத்தில் கதைக்கு உயிர் வந்தது. ஏப்ரலில் தங்கிப்போன ஓர் இளம் தம்பதி, யாரோ நெஞ்சின்மேல் உட்கார்ந்து அழுத்தியதாகச் சொன்னார்கள். அவர்களுடைய நாய் உள்ளே வரமாட்டேன் என்று மழையில் வாசலிலேயே கிடந்தது. அடுத்து வந்த பள்ளி ஆசிரியர் ஓயாத தலைவலி என்று பாதியிலேயே கிளம்பிவிட்டார்.

"பாத்தியா? நான் அவுத்துவிட்ட கதை, இப்ப அதுவே எழுந்து நடக்குது" என்று மர்டோ சிரித்தான்.

"எனக்கு என்னமோ நல்லாப் படலை."

"வர்றவங்க பயப்படத்தான் வர்றாங்க, ரோனா. நீ ஏன் பயப்படுறே?"

ரோனா விரிப்புகளை மாற்றினாள். புகைபோக்கியை இன்னும் சுத்தம் செய்யவில்லை என்று அவள் ஞாபகப்படுத்தியபோது, குளிர் தொடங்கட்டும் பார்க்கலாம் என்று அவன் தட்டிவிட்டான்.

மே மாதம் கிளாஸ்கோவிலிருந்து இரண்டு சகோதரிகள் வந்தார்கள். மூத்தவள் இஷ்பெல், பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒல்லி, பேச்சு குறைவு. இளையவள் நெட்டா, குட்டை. அக்காவின் பேச்சையும் சேர்த்து அவளே பேசினாள்.

"எங்க கண்ணு உங்க சாமியார்? அவருக்கும் சேத்து உருளைக்கிழங்கு உரிக்கணுமா?" என்றாள் வந்ததும் வராததுமாக.

"உன் குறட்டைக்கு எந்தச் சாமியாருடி நிப்பான்? வந்த வழியே மடத்துக்கு ஓடிருவான்" என்றாள் இஷ்பெல்.

மூவரும் சிரித்தார்கள். அன்று மாலையே மலைப்பக்கமிருந்து குளிர்காற்று கிளம்பியது. பின்னாலேயே மழை. கோட்டையைப் பார்க்கப் போவதைத் தள்ளிப்போட்டுவிட்டு, சகோதரிகள் ஜன்னல்களை இறுகச் சாத்திக் கணப்பை மூட்டி உட்கார்ந்தார்கள்.

திங்கட்கிழமை முற்பகல் ரோனா முட்டை கொண்டுபோனாள். கதவைத் திறந்த நெட்டா இன்னும் இரவு உடையில் இருந்தாள். கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. ஓய்வு உடம்புக்கு ஒத்துக்கொண்டிருக்கிறது என்றுதான் ரோனாவுக்குத் தோன்றியது.

"தலை பாறாங்கல்லா கனக்குது. வந்துட்டாரு கண்ணு, உங்க ஆளு. விடியக்காலம் என் கால்மாட்டுல நின்னாரு."

அவள் சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் சிரிப்பு பாதியில் எங்கோ நின்றுபோயிற்று. உள்ளே மேசையருகே இஷ்பெல் தேநீர்க் கோப்பையை வெறித்துக்கொண்டிருந்தாள்.

"நெட்டா, அதை எடு. அந்த... அது... கலக்குறதை."

"கரண்டிடி. கரண்டி. வயசாயிருச்சு உனக்கு."

இஷ்பெல் தங்கையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பார்வை ரோனாவைப் பின்தொடர்ந்தது. மர்டோவிடம் சொன்னாள். "அருமை, அருமை!" என்றான் அவன்.

மறுநாள் காலை பால் வைத்துவிட்டு வந்தவள், மனம் கேட்காமல் நண்பகலில் மறுபடியும் போனாள். மழை விட்டிருந்தது. பால் வைத்த இடத்திலேயே இருந்தது. திரைகள் மூடிக் கிடந்தன. தட்டினாள், பதில் இல்லை. திரையின் இடுக்கு வழியாகப் பார்த்தாள். கணப்பில் தணல் செக்கர் வானம்போல் கனன்றுகொண்டிருந்தது. எதிரே நாற்காலியில் நெட்டா தலை தொங்க உட்கார்ந்திருந்தாள். தூங்குகிறாள் போல.

கூரைமேல் சடசடவென்று சத்தம் கேட்டது. ரோனா நிமிர்ந்தாள். சாம்பல் பிடரிக் காக்கை ஒன்று, வாயில் நீண்ட சுள்ளியோடு வந்து புகைபோக்கியின் வாயில் உட்கார்ந்தது. சுள்ளியை உள்ளே செருகியது. இன்னொன்று அருகில் நின்று சாவகாசமாக இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அவற்றைச் சுற்றி ஒரு இழை புகைகூட இல்லை.

உள்ளே நெருப்பு இருக்கிறது. வெளியே புகை இல்லை. அப்படியானால் புகை எங்கே போகிறது?

ரோனா வாசலுக்கு ஓடினாள். கைப்பேசியில் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக் கத்திக்கொண்டே மாற்றுச் சாவியைப் பூட்டில் திணித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்து ஜன்னலைத் திறந்தாள். நெட்டாவை அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். நாற்காலி கவிழ்ந்தது, கம்பளம் சுருண்டு கூடவே வந்தது. ஈரப் புல்லில் அவளைக் கிடத்தியபோது நெட்டா முனகினாள். அந்த முனகல் ரோனாவுக்குப் பாட்டாகக் கேட்டது.

இஷ்பெல் பின்னறையில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்தாள். எழுந்து வெளியே வர முயன்றிருக்க வேண்டும். ரோனா அவள் கையைப் பற்றி இழுத்தாள்; உடம்பு நகரவில்லை. அடக்கிய மூச்சு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் அந்தக் காற்றையே சுவாசித்தாள். வாசனை ஏதும் இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. கண் இருட்டியபோது வாசலில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது.

இருவரையும் வெளியே தூக்கிவந்த தீயணைப்புப் படையினர், அடுத்துப் புகைபோக்கியிலிருந்து சுள்ளியும் ஆட்டு ரோமமும் சேறுமாக அள்ளி அள்ளிப் போட்டார்கள். முற்றத்தில் ஒரு குவியலே எழுந்தது. அவர்களில் ஒரு பெண், புல்லில் உட்கார்ந்திருந்த ரோனாவிடம் வந்தாள்.

"விஷவாயு அலாரம் எங்கம்மா? சுவத்துல ஆணி மட்டும் இருக்கு."

அதைத் துணி அலமாரியில் கண்டுபிடித்தார்கள். இரண்டு துவாலைகளால் இறுகச் சுற்றியிருந்தது. பிரித்தபோதும் அது வீறிட்டுக்கொண்டிருந்தது.

தகவல் கேட்டு ஓடிவந்த மர்டோ வாசற்படலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். ஏப்ரலில் வந்த தம்பதியை ரோனா அங்கிருந்தே கைப்பேசியில் கூப்பிட்டாள். நன்றாக இருக்கிறோம் என்றாள் அந்தப் பெண். ரோனா விஷயத்தைச் சொன்னாள். அவளோ, "நான் அப்ப மாசமா இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்த வீட்டை ரோனா மறுபடி வாடகைக்கு விடவில்லை. புகைபோக்கிக்குக் கம்பிவலை போட்டுக் கோடையிலேயே திறந்துவிடலாம் என்று மர்டோ எவ்வளவோ கெஞ்சினான். அவள் சாவியைக் கொடுக்கவில்லை. அண்ணன் தங்கைக்குள் பேச்சு நின்றது.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது நெட்டா தேறி எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தாள். இஷ்பெல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பார்க்க எந்தக் குறையும் இல்லை.

"ஸ்டர்லிங்குக்கு ரயில் எப்போடி?" என்று தங்கையைக் கேட்டாள்.

"நாளைக்கு, இஷ்பெல்."

நெட்டா ரோனாவை வெளியே அழைத்துவந்தாள். "கொஞ்ச நேரத்துல மறுபடியும் கேப்பா. போயிட்டு வந்துட்டோம்னு சொன்னா அழறா. அதான் நாளைக்குன்னு சொல்லிக்கிட்டிருக்கேன். டாக்டருங்க சரியாகும்னும் சொல்லலை, ஆகாதுன்னும் சொல்லலை."

"நான் அன்னைக்கே, திங்கக்கிழமையே, சன்னலையாவது..." என்று ரோனா தொடங்கினாள்.

"வந்த அன்னைக்குச் சாயங்காலமே அந்த அலாரம் கத்துச்சு" என்றாள் நெட்டா. "பேட்டரி போயிருக்கும், காலையில உன்கிட்ட சொல்லிக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் மறந்தேபோச்சு. ஆணியிலேருந்து கழட்டுனது நான்தான். ஆனா துவாலையில சுத்துனது யாரு கண்ணு? நீயா?"

ரோனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். 

உள்ளிருந்து உற்சாகமான குரல் வந்தது. "நெட்டா! பெட்டி கட்டிட்டியா இல்லியாடி?"

நெட்டா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "கட்டிக்கிட்டே இருக்கேன், வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தபடியே உள்ளே போனாள்.