ஐம்பது டிகிரிப் புகை

அந்தப் பெட்டிக்குத் திமிர் பிடித்திருக்கிறது என்பதுதான் அஞ்சலாட்சியின் முடிவு. பீரோ மாதிரி நெஞ்சுயரத்துக்கு நிற்கிற எவர்சில்வர் பெட்டி. அடியில் கரண்டுச் சுருள், சுருளுக்கு மேலே மாங்கட்டைத் துண்டுகள் போடும் தட்டு, அதற்கும் மேலே கறியைத் தொங்கவிடும் கம்பிகள். சுருள் சூடேறினால் கட்டை கருகிப் புகையும், அந்தப் புகையில் கறி பதப்படும். அவ்வளவுதான் சங்கதி. தட்டாஞ்சாவடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற அவள் புருஷன் இராமதாஸ் தன் கையாலேயே செய்தது. நூற்றுப்பத்து டிகிரி வைத்தால் குபுகுபுவென்று புகையைக் கொட்டும். உள்ளே போன கோழி தேன் நிறத்தில் வெளியே வரும். ஐம்பதில் வைத்துப் பாருங்களேன், ஒரு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும்.

அவளுக்கு வேண்டியதோ அந்த ஐம்பதுதான்.

மதாம் அமிர்தவல்லி பிரான்சில் நெடுங்காலம் இருந்துவிட்டு வந்து, கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு ஓட்டல் நடத்துகிறவர். வீட்டுக் கேட்டுக்கு அளவு சொல்லப் பட்டறைக்கு வந்தவர், கோழி வாசனை தாங்காமல் ஒரு துண்டு கேட்டு வாங்கி வாயில் போட்டுப் பார்த்தார்.

"கோழி நல்லாருக்குது. ஆனா எனக்கு லார் வேணும்மா. காலையில முட்டையோட வைப்போமே, பன்னி வயித்துக்கறி, அது. பொகை உள்ள எறங்கியிருக்கணும். கொழுப்பு மட்டும் உருகிடக் கூடாது. உன்னால ஆவுமா?"

"ஆவும் மதாம்" என்று சொல்லிவிட்டாள் அஞ்சலாட்சி. ஆகுமா ஆகாதா என்று யோசிக்கவே இல்லை. யோசித்திருந்தால் வார்த்தையே வந்திருக்காது.

அவள் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அதுவரை அவள் பார்த்த வேலை, அதே தட்டாஞ்சாவடியில் மீனும் இறாலும் வைக்கிற ஒரு கோல்ட் ஸ்டோரேஜில். ஊரே வெயிலில் வேகும்போது அவள் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு ஐஸுக்குள் நின்றாள். விரல் வெளுத்து, நகக்கண் வெடித்து, வீட்டுக்கு வந்தால் சோற்றைப் பிசையக்கூட கை மடங்காது. போதும்டா சாமி என்று வேலையை விட்டவள், கோழியை நம்பிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஆனால் இராமதாஸ் பட்டறையிலும் இப்போது வேலை மந்தம். கோழி வாங்குகிறவர்களும் அக்கம்பக்கத்து நாலு பேர்தான். கோல்ட் ஸ்டோரேஜ் சூப்பர்வைசர் நிர்மலாதேவி போன் பண்ணிக் கறாராகச் சொல்லிவிட்டாள்: "திங்கக்கிழமை வரைக்கும் உன் எடத்த வச்சிருக்கேன். அப்பவும் வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்க." மதாம் கறியைக் கொண்டுவந்து காட்டச் சொன்னது ஞாயிற்றுக்கிழமை. மதாம் வேண்டாம் என்றால் மறுநாளே அவள் அந்த ஐஸுக்குத்தான் போயாக வேண்டும்.

உப்பும் வெல்லமும் மிளகும் தடவி ஊறவைத்த மூன்று பாளம் கறியில் இரண்டு அதற்குள் நாசமாகிவிட்டன. புகை நிற்கவில்லையே என்று பட்டறைக்கு அடுத்த லேத்துக்காரர் கலியபெருமாள் யோசனை சொன்னார்: "ஓரமா கொஞ்சம் அடுப்புக்கரிய பத்தவச்சி வைம்மா." வைத்தாள். புகை வந்தது, கூடவே சூடும் எண்பதைத் தாண்டியது. கொழுப்பெல்லாம் உருகிச் சொட்டி, கறி செருப்புத்தோல் ஆனது. இரண்டாவதற்கு, கட்டையைத் தண்ணீரில் நனைத்துப் போட்டால் நின்று புகையும் என்று போன் வீடியோவில் எவனோ சொன்னதைக் கேட்டாள். வந்தது புகை இல்லை, ஆவி. கறி இட்லி மாதிரி வெந்துபோய்க் கிடந்தது.

"பொட்டி மேல கொற சொல்லாத. என் வேலையில பழுது இருக்காது" என்றான் இராமதாஸ்.

"ஆமா, பொட்டி ராஜாதான். பொகைதான் வரல!"

சனிக்கிழமை காலை, மிச்சமிருந்த ஒரே பாளத்தை ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிட்டு, கட்டை மட்டும் போட்ட பெட்டியை ஐம்பதில் வைத்து எதிரே ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டாள். சுருளுக்குக் கரண்டு பாய்ந்தால் கதவோரம் ஒரு பொட்டு லைட் எரியும். எரிந்தது. கட்டை சூடாகக்கூட இல்லை, அதற்குள் அணைந்தது. அணைந்தது அணைந்ததுதான். மேலே சிமென்ட் ஷீட் கூரை, வெயில் ஏற ஏறப் பட்டறையே அடுப்பாகக் கொதித்தது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அந்தச் செத்துப்போன லைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, கோல்ட் ஸ்டோரேஜ் மோட்டார் ஞாபகம் வந்தது.

அங்கேயும் இதே கதைதான். அறை நன்றாகக் குளிர்ந்து கிடந்தால் மோட்டார் தன்னால் நின்றுவிடும். துறைமுகத்திலிருந்து புதுச்சரக்கு வந்து இறங்கிவிட்டால் போதும், அதன் சூட்டை அடக்குவதற்குள் மோட்டார் சாயங்காலம் வரைக்கும் மூச்சுவிடாமல் ஓடும். இந்தப் பெட்டிக்கு அது தலைகீழ். அடிக்கிற வெயிலில் உள்ளே இப்போதே நாற்பது டிகிரி. இன்னும் பத்து ஏற்றிவிட்டால் அதன் வேலை முடிந்தது. பிறகு சுருள் எதற்கு எரியும்? சுருள் எரியாமல் கட்டை எப்படிக் கருகும்? திமிரும் இல்லை ஒன்றும் இல்லை. பாவம், பெட்டிக்கு வேலை இல்லை!

சடாரென்று எழுந்தாள். "ஏங்க, ஓடிப்போயி ஐஸ் வாங்கியாங்க. மீன் மார்க்கெட்டுல பெரிய கட்டியா கேளுங்க."

"ஜூஸ் போடப் போறியா?"

"பொட்டிக்குள்ள வைக்கப் போறேன்."

இராமதாஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவளை மேலும் கீழும் பார்த்தான். "பொகை வரலன்னு ஐஸ் வைக்கிறவள இப்பதான்டி பாக்குறேன்."

"பொண்டாட்டிங்க புருஷனுக்குத்தான் ஐஸ் வைப்பாங்க" என்றார் கலியபெருமாள், லேத்தை நிறுத்திவிட்டு.

"சிரிங்க, நல்லா சிரிங்க. சிரிச்சிட்டு வாங்கியாங்க."

ஐஸை உடைத்து உப்புப் போட்டு, மூடியுள்ள எவர்சில்வர் தூக்குகளில் அடைத்தாள். கரைகிற தண்ணீர் கறியில் சொட்டிவிடக் கூடாதே. தூக்கு வேர்க்கும் என்று அடியில் தாம்பாளமும் வைத்தாள். உள்ளிருக்கும் சூட்டைப் பார்த்துக் கரண்டை நிறுத்துகிற கம்பி இருந்த பக்கமாக எல்லாவற்றையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினாள். பொட்டு லைட் எரிந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். அணையவில்லை. இராமதாஸ் ஒரு பீடியைப் பற்றவைத்து இழுத்து முடித்தான், அப்போதும் அணையவில்லை. சூடு காட்டும் முள் ஐம்பதுக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டு நிற்க, மேலே புகைக்குழாயின் வாயில் மெல்லிசாக, நீலமாக ஒரு இழை கிளம்பியது. கிளம்பியது நிற்கவே இல்லை.

"அடிப் பாவி!" என்றான் இராமதாஸ்.

கறியை எடுத்துத் தொங்கவிட்டாள். அன்றைக்கு முழுக்க அந்த இடத்தை விட்டு அவள் நகரவில்லை. லைட் கண் சிமிட்ட ஆரம்பித்தால் கரைந்த தூக்கை எடுத்துவிட்டுப் புது ஐஸ் வைப்பாள். கட்டை சாம்பலானால் ஒரு பிடி போடுவாள். மத்தியானச் சோறும் பெயின்ட் டின் மேலேயேதான். புகை பொழுது சாயும்வரை ஒரே சீராக வந்தது. இராமதாஸ் போகிறவன் வருகிறவனையெல்லாம் கூப்பிட்டு, "நம்ம டிசைன்தான் இது" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தான். சொல்லிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மதாம் தன் அடுப்படியிலேயே கறியை மெல்லிசாகச் சீவி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சதை செக்கச்செவேல், கொழுப்பு வெள்ளைவெளேர், ஒரு சொட்டு உருகவில்லை. ஒன்றைச் சட்டியில் போட்டதும் எழுந்த மணத்தில் வாசற்பக்கம் பெருக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்தாள். மதாம் மென்றார். மதாம் இன்னொரு சீவல் எடுத்தார். அதையும் தின்றுவிட்டு, விரலையும் நக்கிக்கொண்டார்.

"யார்கிட்ட கத்துக்கிட்ட?"

"ஐஸ் ரூம்ல, மதாம்."

மதாமுக்கு அது விளங்கவில்லை, விளங்க வேண்டிய அவசியமும் இல்லை. "வாரா வாரம் வெள்ளிக்கிழமை எனக்குக் கொண்டாந்துடு. பக்கத்துத் தெருவுல என் ஸ்நேகிதி ஓட்டல் வச்சிருக்கா, அவளுக்கும் இது வேணும். சமாளிப்பியா?"

"சமாளிப்பேன் மதாம்!"

தெருவுக்கு வந்ததும் அவள் போட்ட கூச்சலில், அங்கே காத்திருந்த இராமதாஸ் ஸ்கூட்டரோடு சாய்ந்துவிட இருந்தான். "மானத்த வாங்காதடி, வெள்ளக்காரன்லாம் பாக்குறான்!" என்றான். பார்க்கட்டுமே, அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றபடியே நிர்மலாதேவிக்குப் போன் போட்டாள்.

"அக்கா, நான் வரல. அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க."

நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அந்தப் பக்கம் மோட்டார் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் உள்ளேதான் நிற்கிறாள் போல. கோபித்துக்கொண்டாளோ என்று அஞ்சலாட்சி பயந்துபோனாள்.

நிர்மலாதேவி குரலை இறக்கிக்கொண்டு கேட்டாள். "ஏண்டி, ரெண்டு ஓட்டலுக்கு நீ ஒருத்தியாவா செய்வ? ஆளு வேணாமா? என் விரலும் மடங்க மாட்டேங்குதுடி. இங்க யார்கிட்டயும் சொல்லல."

அஞ்சலாட்சி தன் விரல்களை ஒரு தடவை மடக்கிப் பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்கே வாங்கக்கா" என்றாள். "ஆனா கண்ணு எரியும், சொல்லிட்டேன்."

"எரியட்டும்டி" என்றாள் நிர்மலாதேவி.