ஓரிரு இடங்களில்

வானிலை மையத்திலிருந்து வரும் அறிக்கைக்கென்று ஒரு தனி மொழி இருக்கிறது. அதில் யாருக்கும் வியர்க்காது, யாரும் மயங்கி விழமாட்டார்கள். ‘வெப்பநிலை படிப்படியாக உயரக்கூடும், ஓரிரு இடங்களில் அசௌகரியம் ஏற்படலாம்’ என்று நாசூக்காக முடித்துவிடுவார்கள். அந்தச் சின்ன வானொலி நிலையத்தில் இதைத் தினமும் மதியம் வாசிப்பவள் அவள். நல்ல குரல். அதனாலேயே நிலையத்தில் அவளுக்கு ‘ஓரிரு அக்கா’ என்று பட்டப்பெயர். யாராவது அப்படிக் கூப்பிட்டால் சிரித்துவிட்டுப் போவாள். அதெல்லாம் நேற்றுவரைக்கும்.

நேற்று அவள் தம்பி கூரைமேல் மயங்கி விழுந்தான். ஊருக்கு மேற்கே ஒரு பெரிய கிடங்கு கட்டுகிறார்கள். அதற்குத் தகர ஷீட் அடிக்கிற வேலை அவனுக்கு. செருப்பின் அடி இளகி ஒட்டிக்கொள்ளும் அளவுக்குத் தகரம் கொதித்துக் கிடந்தது. நல்ல வேளை, ஓரத்தில் விழாமல் நடுவில் விழுந்தான். கூட இருந்தவர்கள் கைத்தாங்கலாக இறக்கி, முகத்தில் தண்ணீர் தெளித்து நிழலில் உட்காரவைத்தார்கள்.

மேஸ்திரி ஆற அமர வந்து பார்த்தார். அவருக்கு ரேடியோ என்றால் உயிர். சாமான் போட்டுவைக்கும் கொட்டகையில் அது நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். வேலையை நடத்துவதும் நிறுத்துவதும் மதிய வானிலையைக் கேட்டுத்தான். ‘பரவலாக’ என்று வந்தால் ஆட்களை இறக்கிவிடுவார். ‘ஓரிரு இடங்களில்’ என்று வந்தால் அது வேறு எங்கோ, வேறு யாருக்கோ. தன் தலைக்குமேல் உள்ள இடமும் அந்த ஓரிரண்டில் சேரலாம் என்பது அந்த மனுஷனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. தோன்றினால் வேலை நிற்குமே!

“உங்க அக்காவே சொன்னாங்களேப்பா, வெறும் அசௌகரியம்னு” என்றாராம் தம்பியிடம்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி இதை வேடிக்கைபோலச் சொன்னான். அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருஷமாக ஏற்ற இறக்கத்தோடு அழகாக வாசித்ததெல்லாம் கூடப்பிறந்தவன் தலையிலேயே வந்து விடிந்திருக்கிறதே என்று தன்னையே நொந்துகொண்டாள். ரெண்டு நாள் வீட்டில் கிடடா என்று கெஞ்சிப் பார்த்தாள். இடத்தை விட்டால் அடுத்த ஆள் வந்துவிடுவான் என்று சொல்லிவிட்டு, காலையில் அவள் எழுவதற்குள் கிளம்பிப் போய்விட்டான்.

இன்றைக்கு அறிக்கை வந்தது. வெப்பம் மேலும் உயரும். பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை. தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். மேற்கே, கிடங்கு இருக்கும் திசையில், வானம் கருகருவென்று திரண்டிருந்தது. அடிவயிற்றிலிருந்து வருவதுபோல் ஓர் உறுமல். அவள் நேராக மேலாளர் அறைக்குப் போனாள்.

வெளியே ஊரே வெந்துகொண்டிருக்க, ஏசி குளிர் தாங்காமல் மேலாளர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூரைமேல் வேலை செய்கிறவர்கள் இறங்கவேண்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்துக்கொள்கிறேன் என்று கேட்டாள். நாம் வாசிக்கிறவர்கள், எழுதுகிறவர்கள் இல்லை, ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் நான்தான் பதில் சொல்லவேண்டும் என்று அவர் ஸ்வெட்டர் கையை இழுத்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

“இடி எங்க விழும்னு உனக்குத் தெரியுமாம்மா?”

“தெரியாது சார். ஆளுங்க எங்க நிக்கிறாங்கன்னு தெரியும்.”

அவருக்கு அது பிடிக்கவில்லை. எழுதியிருப்பதை மட்டும் வாசி என்றார்.

வாசித்தாள். எழுதியிருந்ததை ஒரு சொல் பிசகாமல் வாசித்தாள். முடித்த கையோடு, அதே வானிலைக் குரலில், கூரைகளின்மேல் பணிபுரிவோர் உடனடியாகக் கீழே இறங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்று ஒரு வாக்கியத்தையும் சேர்த்து வாசித்துவிட்டுப் பாட்டைப் போட்டாள். வெளியே வந்தால் மேலாளர் நிற்கிறார். முகம் கடுகடுவென்றிருந்தது. நாளையிலிருந்து வானிலையை வேறு ஆள் வாசிக்கும் என்றார். சரி என்றாள். எப்படியோ தம்பி இறங்கியிருப்பான் என்று அவளுக்கு உள்ளே ஒரு நிம்மதி.

போன் அடித்தது. தம்பிதான்.

“இறங்கிட்டியாடா?”

“இல்லக்கா. மேலதான் இருக்கேன்.” காற்று அவன் குரலைப் பிய்த்துப் பிய்த்துத் தந்தது. “மேஸ்திரி நீ வாசிச்சதக் கேட்டாரு. என்னை மட்டும் இறங்கச் சொல்றாரு. உனக்கு ரேடியோவுல அக்கா இருக்கு, நீ இறங்கு, மத்தவன்லாம் வேலையப் பாருன்றாரு. இவங்கள விட்டுட்டு நான் எப்படிக்கா இறங்குறது?”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’! யார் கேட்டது, யாரைக் கேட்டது? தன் வாக்கியத்தின்மேலேயே அவளுக்கு அருவருப்பு வந்தது. போனுக்குள் இடி இடித்தது. ஒரு மூச்சு கழித்து அதே இடி ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்தது.

அவள் திரும்பவும் உள்ளே போகப் பார்த்ததும் மேலாளர் குறுக்கே கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு ஒலிபரப்பு அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். பாதிப் பாட்டை நிறுத்தினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கையில் தாள் எதுவும் இல்லை. கதவை யாரோ படபடவென்று தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தமும் சேர்ந்தே ஊருக்குப் போனது.

“கூரைமேல நிக்கிற எல்லாருக்கும் சொல்றேன்” என்றாள் மைக்கில். வானிலைக் குரல் போன இடம் தெரியவில்லை. “உங்க அக்கா பேசுறேன். இறங்குங்கடா.”