மன்னிப்பு வந்த மத்தியானம்

முதல் அடியிலேயே லோர்னாவின் இடது மணிக்கட்டு ஒடிந்தது.

"கத்து அண்ணி, நல்லா கத்து! ஊரே என் வீட்ல பன்னிக்கறி தின்னுட்டிருக்கு. யாரு வரப் போறா?"

லோர்னாவின் வீட்டுக்குள் புகுந்திருந்த கிளீட் ஹார்கிஸ் கையில் டயர் கழற்றும் இரும்பு. உடம்பெல்லாம் கரிப்புகை வாசம். ஜனாதிபதிக்காக வாக்கு இயந்திரங்களில் கைவைத்தான் என்பது அவன் மேல் வழக்கு. காலையில்தான் ஜனாதிபதியே மன்னிப்பு வழங்கியிருந்தார்.

லோர்னா அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அந்தக் கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், தேர்தல் அதிகாரி. கிளீட்டின் இறந்துபோன அண்ணனின் மனைவி. சம்பவத்தன்று வாக்கு இயந்திர அறையை உடைத்துவிட்டு ஓடியவனின் முதுகைத்தான் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. திங்கட்கிழமை கோர்ட்டில் அது எடுபடாது என்று அரசு வக்கீலே கையை விரித்துவிட்டார்.

ஆம், திங்கட்கிழமை. ஜனாதிபதி மன்னித்தது மத்திய அரசின் வழக்கை மட்டும். மாநில வழக்கு அப்படியே நின்றது. கொண்டாட்டத்தில் கிளீட் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"உன்னாலதாண்டி கோர்ட் கோர்ட்டா அலைஞ்சேன்!"

பூட்ஸ் கால் விலாவில் இறங்கியது. லோர்னாவின் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

வெளியே சைரன். கதவைத் தள்ளிக்கொண்டு கவுண்டி போலீஸின் தலைவர், ஷெரீப் ட்வைட் மோப்ளி வந்தார். கிளீட்டின் பால்ய சிநேகிதர். விருந்திலிருந்து நேராக வந்ததால் மீசையில் குழம்பு ஒட்டியிருந்தது.

"டேய் கிளீட், போதும்டா. அலறல் கேட்டு எவனோ போன் பண்ணிட்டான். வா, போயிடலாம்."

லோர்னா அவர் மார்பைப் பார்த்தாள். சட்டையில் மாட்டியிருந்த போலீஸ் கேமராவில் சிவப்பு விளக்கு. சைரன் போட்டால் அது தானாக ஓடும். மனிதர் மறந்துவிட்டார்.

அவள் சிரித்தாள். "அன்னிக்குக் கதவை உடைச்சது உன் ஆளுங்க. நீ வண்டிக்குள்ள பம்மிட்டு இருந்தே. உங்கண்ணன் சொல்லுவாரு, நீ பயந்தாங்கொள்ளின்னு."

"யாருடி பயந்தாங்கொள்ளி? நான்தான் உடைச்சேன்! இதே இரும்பால! மெஷின்ல இருந்ததை எல்லாம் நான்தான் காப்பி எடுத்தேன். எந்தப் பய என்னைத் தொடுவான்?"

மோப்ளி குனிந்து தன் மார்பைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"அதை அணைச்சுடு, ட்வைட்," என்றான் கிளீட், குரல் இறங்கி.

ஷெரீப்பின் விரல் பொத்தானை நோக்கிப் போனது.

"அணைங்க ஷெரீப்," என்றாள் லோர்னா தரையிலிருந்து. "யாரு சொல்லி அணைச்சீங்கன்னும் அதுல பதிஞ்சிருக்கும்."

விரல் நின்றது.

கிளீட் பாய்ந்தான். கேமராவுக்கு ஓங்கிய இரும்பு ஷெரீப்பின் தோள் எலும்பை நொறுக்கியது. அடுத்த வீச்சுக்குக் கை உயர்வதற்குள் மோப்ளியின் துப்பாக்கி வெடித்தது. முழங்கால் சிதற, கிளீட் சரிந்தான்.

"என்னைச் சுட்டுட்டியேடா! எனக்கு மன்னிப்பு இருக்குடா!"

மோப்ளி ஒற்றைக் கையால் விலங்கை மாட்டினார். சிவப்பு விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

லோர்னா சுவரைப் பிடித்து எழுந்தாள். ரத்தத்தைத் துப்பினாள்.

"திங்கட்கிழமை பார்க்கலாம், கொழுந்தனாரே."