மண்டபத்தடியில் ஒரு வாயில்

பழுப்பு நிலக்கரியை அகழ்வதற்காக வாரிக் கொட்டிய மண்மேடுகள் இளங்கதிர் பட்டுச் சிவந்து நிற்க, அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் வெண்புகை உமிழ, எண்ணிட்ட குடியிருப்பு வட்டங்களிலிருந்து காலைப் பணிக்கு விரைந்தவர்தம் மிதிவண்டி மணியோசை தேய்ந்தடங்கிய வேளையில், நெய்வேலி நகரியத்தை ஒட்டிய மந்தாரக்குப்பத்தில் கொளஞ்சிநாதன் தன் திருமண மண்டபத்து வாயிலில் வாழைமரம் கட்டுவித்தான். திருமணம் எதுவும் அன்றில்லை, அறிவுடையீர். தன் பெருமைக்குத் தானே எடுத்த விழா அது.

நீர்த்தொட்டிக்காக மண்டபத்துள் தோண்டிய குழியில் பழங்காலப் பெருஞ்செங்கல் வரிசையொன்று கண்ணிற்பட்டிருந்தது. மன்னர் காலத்துக் கோயிலே தன் மண்டபத்தடியில் கிடக்கிறதென்று தலைகால் புரியாமல் மகிழ்ந்த அவன், தொல்லியலாரைத் தானே வரவழைத்து, ஊராரையும் செய்தியாளரையும் கூட்டி வைத்தான். குழியில் மண் அள்ள வந்தவர்களுள் சாமியம்மாளும் ஒருத்தி. அவன் அவளை அடையாளம் காணவில்லை. அவளோ இருபத்தைந்து ஆண்டுகளாக அவன் முகத்தை ஒருநாளும் மறந்தவளல்லள்.

மண்டபம் நின்ற அந்த மனை அவளுடையது. அவள் கணவன் மருதமுத்து கட்டிய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிய கொளஞ்சிநாதன், அங்கே எந்நாளும் வீடே இருந்ததில்லை, மருதமுத்து பொய்யன் என்று நீதிமன்றத்தில் கூசாமல் உறுதி கூறி வென்றான். பொய்யனென்ற பெயரைச் சுமந்தே மருதமுத்து செத்தான். மனை போனதைக்கூட அவள் பொறுத்தாள். அப்பெயரை மட்டும் பொறுக்க இயலாமல் வயிறெரிந்தாள், அன்றும் எரிந்துகொண்டிருந்தாள்.

அகழாய்வுக்குப் பொறுப்பேற்றிருந்த திலகவதி மண்டபத் தளத்தை மேலும் அகலப் பெயர்த்ததும், செங்கல் வரிசைக்கு மேலடுக்கில், சாணம் மெழுகிய தரையொன்றும் உரல் பதித்த குழியும் வெளிப்பட்டன.

"அந்தக் குப்பய வாரிப் போட்டுட்டுக் கீழ தோண்டுங்கம்மா. கோயிலு கீழதான இருக்குது!" என்றான் கொளஞ்சிநாதன்.

"மேலடுக்கில் கண்டதை ஏட்டில் எழுதாமல் கீழடுக்கைத் தொடமாட்டோம், ஐயா" என்றாள் திலகவதி.

சாமியம்மாள் மண்வெட்டியைக் கீழே வைத்தாள். "அது குப்ப இல்லீங்க, எங்க வூடு. தோ, அந்தக் கெழக்கு வாசப்படியாண்ட பாருங்கம்மா. வாசக்காலு நெல வச்சப்ப, கலயத்துல நவதானியமும் ஒரு காசும் போட்டு என் கையால பொதச்சேன்."

சொன்ன இடத்தில் கலயம் இருந்தது. துகளாய்ப்போன தானியத்துள் கிடந்த காசில், அவன் பொய்யுறுதி கூறியதற்குப் பன்னிரண்டு ஆண்டு முந்திய ஆண்டு பொறித்திருந்தது. அவன் போட்ட தளமே அக்கலயத்தைக் கைபடாமல் காத்துத் தந்தது.

திலகவதி கண்டவற்றை வரிசையாக எழுதி, நிலத்துக்குரியவன் கையொப்பத்துக்கென ஏட்டை நீட்டினாள். அஃதின்றி அகழ்வு ஓரடியும் தொடராது. கொளஞ்சிநாதன் சாமியம்மாளை நெருங்கிக் குரல் தாழ்த்தினான்.

"ஏம்மா, நாம பேசித் தீத்துக்கலாம். அத்த எழுத வேணாம்னு சொல்லு."

"எம் புருசன் பொய்யன்னு ஊரு கேக்கத்தான சொன்ன? இப்ப அந்த ஏட்ட ஊரு கேக்கப் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடு" என்றாள் அவள், குரல் தாழ்த்தாமல்.

தானே அழைத்த செய்தியாளர் தன்னையே நோக்கி நிற்க, கோயிலைக் கைவிடவும் மனமின்றி, மண்டபத்தின் கீழ் வீடொன்று இருந்ததென்று நாக்குழறப் படித்து அவன் ஒப்பமிட்டான்.

கீழே கோயில் உண்டோ இல்லையோ, அதை அறியச் சாமியம்மாள் காத்திருக்கவில்லை. குழிக்குள் இறங்கி, தன் வாயிற்படி இருந்த இடத்தைத் தாண்டி உள்ளே சென்று, தான் மெழுகிய தரைமேல் கால்நீட்டி அமர்ந்தாள். பக்கத்தில் அமர மருதமுத்து இல்லை. எழுந்து வெளியே போ என்று சொல்ல, அன்று எவனுக்கும் வாய் வரவில்லை.